தங்கத்தை விட்டுட்டுப் போனவர்: எம்.ஜே. கோபாலன்

ஹாக்கின்னா கோவில்பட்டி, கோவில்பட்டின்னா ஹாக்கி. வெளியூர்ல இருந்து வந்து நம்ம காலேஜ்ல சேர்ந்த யாராக இருந்தாலும் முதல் செமஸ்டர் முடியறதுக்குள்ள இதைக் கேட்காம இருந்திருக்க முடியாது. கடலைமிட்டாய் வாங்கப் போனா கடைக்காரரே சொல்வார். பஸ் ஸ்டாண்டுல இறங்கினா எதிர்ல வர்ற பையன் தோள்ல ஸ்டிக் தொங்கும். வெயில் காலத்துல கால் நுழையற அளவுக்கு வெடிச்சுக் கிடக்கிற கரிசல், மழை பெய்ஞ்சா செருப்பையே பிடுங்கிக்கிற கரிசல், இந்த மண்ணுல பந்து நேரா உருள்றதே பெரிய விஷயம். இங்க இருந்துதான் மாரீஸ்வரன் 2022ல் இந்திய அணிக்குப் போய் ஆசியக் கோப்பையில் ஆடினார்.

மாரீஸ்வரன் பெயர் நமக்குத் தெரியும். ஆனா ஒரு டீம்னா பதினோரு பேர் மட்டும் கிடையாது. வெளியே வரிசையா சிலர் உட்கார்ந்திருப்பாங்க. சப்னு சொல்வோம், ரிசர்வ்னு சொல்வோம், கிண்டலா தண்ணி தூக்கறவன்னும் சொல்வோம். ஹாஸ்டல்ல ராத்திரி கண்முழிச்சு என்.பி.ஏ. பார்க்கிற நண்பர்களுக்கு இந்த இடத்தோட மதிப்பு இன்னும் நல்லாத் தெரியும். அங்க பெஞ்சுல இருந்து இறங்கி வந்து ஆட்டத்தைத் திருப்பிப் போடறவனுக்குன்னே 1982-83ல இருந்து தனி விருது இருக்கு. அதே அமெரிக்க பாஸ்கெட்பாலில் 1947ல் வாட்டரு மிசாகா என்று ஒரு ரிசர்வ் கார்டு இருந்தார். ஜப்பானிய வம்சாவளி, நியூயார்க் நிக்ஸ் அணிக்காக மூன்றே ஆட்டம், ஏழே புள்ளி, அதோட அனுப்பிவிட்டார்கள். ஆனாலும் அந்த லீக்கில் ஆடிய முதல் வெள்ளையர் அல்லாத வீரர் அவர்தான் என்று இன்றைக்கும் எழுதப்படுகிறார்.

நம்ம பக்கத்துலயும் அப்படி ஒரு ஆள் உண்டு. மொரப்பாக்கம் ஜோஸ்யம் கோபாலன். சுருக்கமா எம்.ஜே. கோபாலன். கரிசல் பூமிக்காரர் இல்லை, செங்கல்பட்டுப் பக்கம். ஆனா இவர் கதையை ஹாக்கி ஊர்க்காரங்க தெரிஞ்சுக்காம இருந்தா அது நமக்குத்தான் குறை.

பதிவுகளின்படி கோபாலன் பிறந்தது 1909 ஜூன் 6. ஊர் மொரப்பாக்கம். சின்ன வயதிலேயே குடும்பம் மெட்ராசுக்குக் குடிபெயர்ந்து திருவல்லிக்கேணியில் தங்கியது. பார்த்தசாரதி கோயிலைச் சுற்றியுள்ள தெருக்கள், ஒரு பக்கம் கடற்கரை, நடந்து போகிற தூரத்தில் சேப்பாக்கம் மைதானம். விளையாட்டில் ஆசை உள்ள பையனுக்கு அதைவிட நல்ல விலாசம் அந்தக் காலத்து மெட்ராசில் கிடைத்திருக்காது.

ஆனால் விலாசம் மட்டும் போதாது, யாராவது ஒருத்தர் கண்ணில் பட வேண்டும். கோபாலன் பட்டது சி.பி. ஜான்ஸ்டன் கண்ணில். ஜான்ஸ்டன் வெள்ளைக்காரர். மெட்ராஸ் கிரிக்கெட்டை வளர்த்தவர்கள் என்று பட்டியல் போட்டால் முதல் சில பெயர்களுக்குள் வந்துவிடுவார். ஓடி வந்து பந்து போடும் இந்தத் திருவல்லிக்கேணிப் பையனைப் பார்த்து, இவனுக்கு வேலை இருந்தால்தான் ஆட்டம் நிலைக்கும் என்று புரிந்துகொண்டார். பர்மா ஷெல் எண்ணெய்க் கம்பெனியில் கோபாலனுக்கு வேலை கிடைத்தது அவரால்தான். இன்றைக்கு நம்ம ஊர்ப் பையன்கள் ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் ரயில்வே, போலீஸ், வங்கி என்று நம்பி ஸ்டிக்கைப் பிடிக்கிறார்களே, அதோட ஆரம்பகால வடிவம் இது. வேலை கொடுத்தவர்கள் மேட்ச் வந்தால் லீவும் கொடுத்தார்கள். கிரிக்கெட்டால் சம்பாதிக்க முடியாத காலத்தில் அதுதான் பெரிய சம்பளம்.

அப்போது மெட்ராசில் பெரிய கிரிக்கெட் என்றால் பொங்கலை ஒட்டி சேப்பாக்கத்தில் நடக்கும் பிரசிடென்சி மேட்ச். ஒரு பக்கம் இந்தியர்கள், இன்னொரு பக்கம் ஐரோப்பியர்கள். ஆபீசில் தனக்கு மேலே உட்கார்ந்திருக்கிற துரையை மைதானத்தில் அவுட்டாக்கலாம். கூட்டம் எதற்காகத் திரண்டிருக்கும் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. கோபாலன் பெயர் எடுத்தது இந்த மேட்சுகளில்தான். வேகமான மிதவேகப் பந்து, கீழ்வரிசையில் இறங்கி நாலு அடி அடிக்கும் பேட்டிங், நல்ல ஃபீல்டிங்.

சரி, ஹாக்கி எங்கே வந்தது என்று கேட்பீர்கள். அந்தக் காலத்தில் ஒரே ஆள் இரண்டு மூன்று ஆட்டம் ஆடுவது சாதாரணம். கோபாலன் ஹாக்கியில் சென்டர் ஹாஃப். ஹாக்கி ஆடுகிறவர்களுக்கு அந்த இடத்தின் கனம் தெரியும். முன்வரிசைக்கும் பின்வரிசைக்கும் நடுவில் நின்று இரண்டு பக்கத்துக்கும் ஓடணும். கோல் போட்டவன் பெயர்தான் பேப்பரில் வரும், சென்டர் ஹாஃப் பெயர் வராது. ஆனால் அவன் சொதப்பினால் மொத்த டீமும் சொதப்பும்.

இனி 1934. இந்த ஒரு வருஷத்தில் கோபாலனுக்கு இரண்டு பெரிய விஷயங்கள் நடந்தன.

முதலாவது ஜனவரியில். டக்ளஸ் ஜார்டின் தலைமையில் இங்கிலாந்து அணி இந்தியாவுக்கு வந்திருந்தது. இந்திய மண்ணில் நடந்த முதல் டெஸ்ட் தொடர் அது. இரண்டாவது டெஸ்ட் கல்கத்தாவில், ஜனவரி 5ல் தொடங்கியது. சி.கே. நாயுடு தலைமையிலான அணியில் கோபாலனுக்கு இடம் கிடைத்தது. அதே ஆட்டத்தில்தான் முஷ்டாக் அலியும் திலாவர் ஹுசைனும் அறிமுகமானார்கள். இங்கிலாந்து 403 அடித்தது. கோபாலன் 39 ரன் கொடுத்து ஒரு விக்கெட் எடுத்தார். இந்தியா 247க்கு ஆட்டமிழந்து ஃபாலோ ஆன் வாங்கியது. தலையில் அடிபட்ட திலாவர் ஹுசைன் கட்டுப் போட்டுக்கொண்டு திரும்ப வந்து இரண்டு இன்னிங்சிலும் அரைசதம் அடித்தார். கோபாலன் முதல் இன்னிங்சில் ஆட்டமிழக்காமல் 11, இரண்டாவதில் 7. ஆட்டம் டிரா.

அடுத்த டெஸ்ட் பிப்ரவரியில், மெட்ராஸ் சேப்பாக்கத்தில். மெட்ராசில் நடந்த முதல் டெஸ்ட். வீட்டுக்குப் பக்கத்து மைதானம், தன்னைப் பெரிய ஆளாக்கிய மைதானம். அணியில் கோபாலன் இல்லை. அந்த டெஸ்டில் மட்டுமில்லை, அதற்குப் பிறகு எந்த டெஸ்டிலும் இல்லை. 18 ரன், ஒரு விக்கெட். இதுதான் அவருடைய முழு டெஸ்ட் கணக்கு.

ஏன் என்று கேட்டால் பதில் சுலபம். அப்போது இந்தியாவிடம் முகமது நிசார், அமர் சிங் என்று இரண்டு வேகப்பந்து வீச்சாளர்கள் இருந்தார்கள். உலகத்தில் எந்த அணியிலும் இடம் பிடிக்கக்கூடியவர்கள். மூன்றாவதாக ஜஹாங்கீர் கான் இருந்தார். அந்த வரிசையில் நாலாவதாக நிற்பவன் எவ்வளவு நல்லவனாக இருந்தாலும் காத்திருக்கத்தான் வேண்டும். வேறு பத்து வருஷத்தில் பிறந்திருந்தால் இருபது டெஸ்ட் ஆடியிருப்பார் என்பது என் கணக்கு.

இரண்டாவது விஷயம் நவம்பர் 4ல் நடந்தது. ரஞ்சி டிராபி என்று இன்றைக்கு நாம் சொல்லும் போட்டியின் முதல் ஆட்டம். சேப்பாக்கத்தில் மெட்ராசும் மைசூரும் மோதின. அந்தப் போட்டியின் வரலாற்றில் முதல் பந்தை வீசியவர் கோபாலன். வினாடி வினாவில் கேட்டால் இனிமேல் உடனே சொல்லிவிடலாம். மைசூர் 48க்குச் சுருண்டது. மெட்ராஸ் 130. மைசூர் மறுபடி 59. ஏ.ஜி. ராம்சிங் மட்டும் இரண்டு இன்னிங்சிலும் சேர்த்து 11 விக்கெட் எடுத்தார். இன்னிங்ஸ் மற்றும் 23 ரன் வெற்றி, அதுவும் ஒரே நாளில். மூன்று நாள் ஆட்டத்துக்கு டிபன் கட்டிக்கொண்டு வந்தவர்கள் அன்றைக்குச் சாயங்காலமே வீட்டுக்குப் போயிருப்பார்கள்!

அடுத்த வருஷம், 1935, ஹாக்கியின் முறை. இந்திய அணி நியூசிலாந்துக்குக் கப்பல் ஏறியது. கேப்டன் தியான் சந்த். அந்த அணியில் கோபாலனும் ஒருவர். வழியில் இலங்கை, ஆஸ்திரேலியா என்று எல்லாம் சேர்த்து 48 ஆட்டங்கள். 48லும் வெற்றி. போட்ட கோல் 584, வாங்கிய கோல் 40. தியான் சந்த் மட்டுமே 201. நம்ம ஊர் டோர்னமெண்டில் ஒரு டீம் ஐந்துக்கு மேலே கோல் போட்டாலே எதிர் டீம் கோச் தலையில் துண்டைப் போட்டுக்கொள்வார். இங்கே சராசரியாகவே ஆட்டத்துக்குப் பன்னிரண்டு.

இந்தப் பயணத்தோடு கோபாலன் இரண்டு ஆட்டங்களில் இந்தியாவுக்காக ஆடியவர் ஆனார். அடுத்த வருஷம் பெர்லினில் ஒலிம்பிக்ஸ். 1928ல் ஆம்ஸ்டர்டாமில் தங்கம், 1932ல் லாஸ் ஏஞ்சல்சில் தங்கம் என்று இந்திய ஹாக்கி இருந்த காலம். பெர்லினிலும் தங்கம் வரும் என்பதில் யாருக்கும் பெரிய சந்தேகம் இருந்திருக்காது. அணிக்குள் போய்விட்டால் போதும், கழுத்தில் பதக்கம்.

அதே 1936 கோடையில்தான் இந்தியக் கிரிக்கெட் அணியும் இங்கிலாந்து போவதாக இருந்தது. கோபாலன் பெயர் இரண்டு பக்கமும் அடிபட்டது. இரண்டு கப்பலிலும் ஏற முடியாது.

கோபாலன் ஹாக்கி அணிக்கான தேர்வு ஆட்டங்களுக்குப் போகவில்லை. கிரிக்கெட் கப்பலில் ஏறினார்.

ஹாக்கி ஊர்க்காரங்க இந்த இடத்துல தலையில கை வைப்பீங்க. நான் முதல் தடவை படிச்சப்ப நானும் வெச்சேன். ஆனா கொஞ்சம் அவர் இடத்துல நின்னு பாருங்க. வேலை கொடுத்தது கிரிக்கெட். கைதூக்கி விட்ட ஜான்ஸ்டன் கிரிக்கெட்காரர். ஒரே ஒரு டெஸ்ட் ஆடி வெளியே நிற்கிற ஆளுக்கு, இங்கிலாந்து மைதானங்களில் ஒரு முழு சீசன் கிடைக்கிறது. மிதவேகப் பந்து வீசுபவனுக்கு ஈரமும் மேகமும் உள்ள அந்த ஊரைவிட ஏற்ற இடம் இல்லை. இந்தப் பக்கம் கிரிக்கெட் டூர், கையில் இருக்கிற டிக்கெட். அந்தப் பக்கம் ஹாக்கி, இன்னும் தேர்வில் ஜெயிக்க வேண்டும். போன வருஷம் நம்ம ஃபைனல் இயர் நண்பன் ஒருத்தனுக்கு மண்டல அளவிலான மேட்சும் கேம்பஸ் இன்டர்வியூவும் ஒரே நாளில் வந்தது. ரெண்டு நாள் தூங்காம இருந்துட்டு இன்டர்வியூவுக்குத்தான் போனான். அவனை யாரும் முட்டாள்னு சொல்லலை. கோபாலனையும் அப்படிச் சொல்ல எனக்கு மனசு வரலை.

ஆனா அந்த டூர் நடந்த விதம்தான் கொடுமை.

கேப்டன் விஜயநகரம் மகாராஜகுமார், எல்லோரும் விஸ்ஸி என்று அழைத்தவர். சர்வதேசக் கிரிக்கெட் ஆடும் அளவுக்குத் திறமை இல்லாதவர், ஆனால் பணமும் செல்வாக்கும் இருந்தது. அணிக்குள் கோஷ்டி. விஸ்ஸி பக்கம் ஒரு கூட்டம், சி.கே. நாயுடு பக்கம் ஒரு கூட்டம். நன்றாக ஆடிக்கொண்டிருந்த லாலா அமர்நாத்தை ஒழுங்கு நடவடிக்கை என்று சொல்லி முதல் டெஸ்டுக்கு முன்பே கப்பலேற்றி ஊருக்கு அனுப்பிவிட்டார்கள். இப்படிப்பட்ட டீமில் பெஞ்சில் இருக்கிறவன் பாடு எப்படி இருக்கும்? நன்றாகப் பந்து வீசினால் மட்டும் போதாது, யார் மேஜையில் சாப்பிடுகிறோம் என்பதும் கணக்கில் வரும்.

ஜூன் 6ல் கோபாலனுக்கு 27 வயது முடிந்தது. அதே மாதக் கடைசியில் லார்ட்சில் முதல் டெஸ்ட். அமர் சிங் 6 விக்கெட் எடுத்து இங்கிலாந்தை 134க்குச் சுருட்டினார், இருந்தும் இந்தியா தோற்றது. கோபாலன் அணியில் இல்லை. ஜூலையில் மான்செஸ்டர். விஜய் மெர்ச்சன்ட் 114, முஷ்டாக் அலி 112, இருவரும் சேர்ந்து முதல் விக்கெட்டுக்கு 203. கூடவே மெட்ராசில் இருந்து வந்த இன்னொருவர், கோட்டா ராமஸ்வாமி, நாற்பது வயதில் முதல் டெஸ்ட் ஆடி 40, 60 என்று அடித்தார். அவரும் இரண்டு ஆட்டக்காரர், டேவிஸ் கோப்பையில் டென்னிஸ் ஆடியவர். கோபாலன் அணியில் இல்லை.

மூன்றாவது டெஸ்ட் ஓவலில். அதில் பாகா ஜிலானி என்ற மிதவேகப் பந்துவீச்சாளர் அறிமுகமானார். கோபாலன் மாதிரியே ஆட்டக்காரர், கோபாலனுக்குக் கிடைத்திருக்கக்கூடிய இடம். சாப்பாட்டு மேஜையில் சி.கே. நாயுடுவை அவமானப்படுத்தியதற்குப் பரிசாகத்தான் ஜிலானிக்கு அந்த இடம் கிடைத்தது என்று கிரிக்கெட் வட்டாரத்தில் இன்று வரை ஒரு பேச்சு உண்டு. உண்மையோ பொய்யோ, அந்த டெஸ்டில் ஜிலானிக்கு விக்கெட் எதுவும் விழவில்லை. அந்தப் பேச்சு மட்டும் தொண்ணூறு வருஷம் நிலைத்துவிட்டது.

இப்போது தேதியைக் கவனியுங்கள். ஓவல் டெஸ்ட் தொடங்கியது 1936 ஆகஸ்ட் 15. ஹாமண்ட் அன்றைக்கு இந்தியப் பந்துவீச்சைப் போட்டுத் துவைத்தார், இரட்டைச் சதத்தில்தான் நின்றார். அதே ஆகஸ்ட் 15ல் பெர்லினில் ஹாக்கி இறுதிப் போட்டி. 14ஆம் தேதி நடக்க வேண்டியது, மழையால் ஒரு நாள் தள்ளிப்போனது. இந்தியா 8, ஜெர்மனி 1. லண்டனில் டெஸ்ட் அணிக்கு வெளியே கோபாலன். பெர்லினில் முந்தின வருஷம் அவரோடு கப்பலில் போன தியான் சந்த் கையில் தங்கம்.

இதில் இன்னும் ஒரு வலி இருக்கிறது. பெர்லினில் இறங்கியதும் இந்திய ஹாக்கி அணி ஜெர்மனியிடம் ஒரு பயிற்சி ஆட்டத்தில் 4-1 என்று தோற்றது. பதறிப்போய் ஊருக்குத் தந்தி அடித்து ஆள் கேட்டார்கள். அலி தாரா விமானத்தில் பறந்து போய் அரையிறுதிக்குச் சரியாகச் சேர்ந்தார். அரையிறுதி, இறுதி என்று இரண்டே ஆட்டம், தங்கம். ஒரு ரிசர்வுக்கு வாசல் திறந்தால் எப்படித் திறக்கும் என்பதற்கு இது ஒரு உதாரணம். அந்த நேரத்தில் கோபாலன் ஊரில் இல்லை, இங்கிலாந்தில் கிரிக்கெட் டீமோடு சுற்றிக்கொண்டிருந்தார்.

இப்ப ஹாக்கி ஆடறவங்களுக்கு ஒரு விஷயம் புரியணும். நம்ம காலத்துல சப் என்பவன் சும்மா உட்கார்ந்திருப்பவன் கிடையாது. நாலு நிமிஷம் ஓடுவான், வெளியே வருவான், மூச்சு வாங்கிட்டுத் திரும்ப உள்ளே போவான். எத்தனை தடவை வேணும்னாலும் மாத்தலாம். பாஸ்கெட்பாலும் அப்படித்தான். ஆனா கோபாலன் காலத்து ஹாக்கியில ஆட்டத்தின் நடுவுல ஆள் மாத்தற வழக்கமே இல்லை. கிரிக்கெட்டில் பதிலாள் உண்டு, ஆனால் ஃபீல்டிங் மட்டும்தான். பேட்டும் கிடையாது, பந்தும் கிடையாது. அன்றைக்கு ரிசர்வ் என்றால் அஞ்சு மாசம் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராகப் போவது, வலையில் பந்து போடுவது, அணிப் பட்டியல் ஒட்டும்போது எட்டிப் பார்ப்பது. அவ்வளவுதான். அந்த அஞ்சு மாசத்தை ஒரு மனுஷன் எப்படிக் கடந்தான் என்பது ஸ்கோர் கார்டில் வராது.

ஊர் திரும்பிய கோபாலன் ஆட்டத்தை விட்டுவிடவில்லை. இதுதான் எனக்கு அவரிடம் ரொம்பப் பிடித்தது. 1950களின் தொடக்கம் வரை மெட்ராசுக்காகப் பந்து வீசினார். நாற்பது வயதைத் தாண்டியும் வேகப்பந்து வீசுவது என்ன பாடு என்று முதுகு வலித்த யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். மொத்தம் 78 முதல்தர ஆட்டங்கள், 200க்குச் சற்றுக் குறைந்த விக்கெட்டுகள், 3000க்குச் சற்றுக் குறைந்த ரன்கள், ஒரே ஒரு சதம். அத்தனை வருஷம் ஆடியும் அவர் காலத்தில் மெட்ராஸ் ரஞ்சிக் கோப்பையைத் தூக்கவில்லை. 1935-36ல் இறுதி வரை போய் பம்பாயிடம் தோற்றது, 1940-41ல் இறுதி வரை போய் மகாராஷ்டிராவிடம் தோற்றது. கோப்பை வந்தது 1954-55ல், கோபாலன் ஓய்வு பெற்ற பிறகு.

1952-53ல் அவருடைய கால் நூற்றாண்டு ஆட்டத்தைப் பாராட்டி மெட்ராஸ்காரர்கள் ஒரு காரியம் செய்தார்கள். மெட்ராசுக்கும் சிலோனுக்கும் இடையே வருஷா வருஷம் ஒரு ஆட்டம், பெயர் கோபாலன் டிராபி. பாராட்டு விழா, பொன்னாடை என்று முடித்திருக்கலாம். ஆனால் நடந்தது வேறு. அப்போது சிலோனுக்கு டெஸ்ட் அந்தஸ்து இல்லை. கப்பலில் இங்கிலாந்துக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் போகிற அணிகள் வழியில் கொழும்பில் இறங்கி ஒரு நாள் ஆடிவிட்டுப் போவதுதான் அவர்களுக்குக் கிடைத்த பெரிய கிரிக்கெட். நல்ல அணியோடு தவறாமல் மோத ஒரு வாய்ப்பு என்றால் அது இந்தக் கோபாலன் டிராபிதான். ஒரு வருஷம் சேப்பாக்கம், இன்னொரு வருஷம் இலங்கை என்று ஏறக்குறைய முப்பது வருஷம் நடந்தது. 1982 பிப்ரவரியில் இலங்கை முதல் டெஸ்ட் ஆடியது. அதன் பிறகு இந்தக் கோப்பைக்கான தேவை குறைந்து, சீக்கிரமே நின்றுபோனது. 2000ல் கொஞ்ச காலம் மறுபடி நடத்திப் பார்த்தார்கள்.

கோபாலன் 1950களில் தேசியத் தேர்வுக் குழுவிலும் இருந்தார். பதினோரு பெயர் எழுதிவிட்டு, எழுதாமல் விட்ட பெயர்களை நினைத்துப் பார்க்கிற வேலை. அந்த நாற்காலியில் உட்கார அவரைவிட அனுபவம் உள்ளவர் இருந்திருக்க முடியாது.

மெட்ராஸ்காரர்களுக்கு ஒலிம்பிக் ஹாக்கிப் பதக்கம் பின்னால் வந்தது. 1968ல் மெக்சிகோவில் முனீர் சேட்டும் கிருஷ்ணமூர்த்தி பெருமாளும் வெண்கலம் வாங்கினார்கள். 1980ல் மாஸ்கோவில் தங்கம் வென்ற அணிக்கு வி. பாஸ்கரன் கேப்டன். அதையெல்லாம் கோபாலன் சென்னையில் இருந்தே பார்த்திருப்பார்.

ரொம்ப காலம் இருந்தார். 2003 அக்டோபர் கடைசியில் நியூசிலாந்தின் லிண்ட்சே வெயர் காலமானபோது, உயிரோடிருக்கும் டெஸ்ட் வீரர்களிலேயே மூத்தவர் என்ற இடம் கோபாலனுக்கு வந்தது. ஒரே டெஸ்ட் ஆடியவர், உலகத்து டெஸ்ட் வீரர்கள் அத்தனை பேருக்கும் மூத்தவராக ஏழு வாரம் இருந்தார். டிசம்பர் 21ல் சென்னையில் இறந்தார். பதிவுப்படி வயது 94. அவருக்கு அடுத்து அந்த இடம் டான் கிளெவர்லி என்பவருக்குப் போனது. அவரும் நியூசிலாந்துக்காரர். பதினான்கு வருஷ இடைவெளியில் இரண்டே டெஸ்ட் ஆடி, ஒரு விக்கெட்கூட எடுக்காதவர்.